மீதியும் பொத்தானும் ரோட்டைக் கடந்த கதை

அந்தப் பள்ளிக்கூட வாசலில் ஒரு ரோடு இருந்தது. ரோட்டில் ஒரு வளைவு இருந்தது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று இங்கே நிற்பவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்று அங்கிருந்து வருபவருக்கும் தெரியாது. எல்லோரும் ஹார்னை நம்பிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் பாதுகாப்புக் குழு வந்தது.

குழுவின் தலைவர் ஊரில் பெரிய மரச்சாமான் கடையின் முதலாளி. அவரிடம் சொந்தமாக ஒரு மைக் இருந்தது. மைக் வைத்திருப்பவரைத் தலைவராக்காமல் வேறு யாரையாவது ஆக்கினால், அந்த மைக்கை யார் தூக்கிக்கொண்டு வருவது? எனவே ஒரு மனதாக அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

தலைவர் முதலில் வாசலில் ஜீப்ரா கோடு போட வைத்தார். அது நல்ல காரியம். அடுத்து, தனக்கென்று மஞ்சளாக மின்னுகிற ஒரு மேல்சட்டை வாங்கிக்கொண்டார். அது ஓர் அளவு சின்னது. அவர் மூச்சை இழுத்துப் பேச ஆரம்பித்தால் முன்பக்கத்து ஒட்டுப்பட்டை 'டர்ர்ர்' என்று பிரிந்துகொள்ளும். ஒட்டிவிட்டு மறுபடி பேசுவார். மறுபடி 'டர்ர்ர்'.

மூன்றாவதாக, ஜோடி நடைத் திட்டம்.

"யாரும் தனியா ரோட்டைக் கடக்கக் கூடாது!" என்று மைக்கில் முழங்கினார். "ஜோடி ஜோடியாத்தான் போகணும்! கையோட கை கோக்கணும்! ஒரே வகுப்பு! ஒரே உயரம்!"

"ஒரே உயரம் எதுக்கு சார்?" என்று விளையாட்டு வாத்தியார் கேட்டார்.

"போட்டோவுல பார்க்க ஒழுங்கா இருக்கும்ல?"

வாத்தியார் உயரம் பார்க்கப் போனார்.

ஐந்தாம் வகுப்பை உயர வரிசையில் நிற்க வைத்தார்கள். குட்டையான பக்கத்திலிருந்து இரண்டு இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டே வந்தார்கள். வரிசையின் கடைசியில் அவள் மட்டும் நின்றாள்.

அவள் அந்த வகுப்புக்குப் புதிது. அப்பா வெளியூர்களுக்கு லாரி ஓட்டுபவர். அவருடைய கம்பெனி இடம் மாறியதால் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். வகுப்பிலேயே அவள்தான் உயரம். உயரம் என்றால், எழுந்து நின்றால் பின் பெஞ்சிலிருந்து "ஏய், ஃபேன்ல இடிச்சுக்காத!" என்று குரல் வருகிற அளவுக்கு.

வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருந்த வாரம் அது. ஒரு வாயாடிப் பையன் கத்தினான். "டீச்சர், வகுத்தாச்சு! மீதி ஒண்ணு!"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, அது தப்போ என்று தோன்றி, இருமினார். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் நின்றால் இன்னும் நீளமாகத் தெரிவோமோ என்று அவளுக்குப் பயம்.

அன்றிலிருந்து அவள் பெயர் மீதி.

"நீ கொஞ்சம் இரும்மா, உனக்கு ஒரு ஏற்பாடு பண்றேன்" என்றார் தலைவர். மைக்கில் சொன்னார். அவளுக்கு ஜோடி கிடைக்காத விஷயம் தெருக்கோடி டயர் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஏற்பாடு வரும் என்று மீதி வாசல் ஓரத்து நடைபாதையில் நின்றாள். மணி அடித்ததும் ஜோடிகள் வந்தன. விசில் ஊதப்பட்டது. ஜோடிகள் கடந்து போயின. தலைவர் மைக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைக் காரில் வைத்தார். தன்னையும் காரில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கடைசியாக விளையாட்டு வாத்தியார் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அட, நீ இன்னும் இங்கயா நிக்கிறே? வா, வா."

அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும்.

வீட்டில் கதவைத் திறந்தால் காலையில் விட்டுப்போன காற்று அப்படியே இருக்கும். மூடி வைத்த சாப்பாட்டை மீதி தனியே சாப்பிடுவாள். பக்கத்து வீட்டு டிவியில் யாரோ சிரித்தால், எதற்கு என்று தெரியாமலே அவளும் கொஞ்சம் சிரித்துக்கொள்வாள்.

அம்மா இருட்டுகிற நேரத்தில் வருவாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் போர்வை மடிப்பாள்.

"ஏதோ ஜோடி திட்டம்னு சொன்னியே. உனக்கு ஜோடி கிடைச்சுதா?" என்று அம்மா கேட்டாள்.

"ம். கிடைச்சுது."

"நல்ல பொண்ணா?"

"ரொம்ப நல்ல பொண்ணு."

"பேரு என்ன?"

மீதி யோசித்தாள். "கை கழுவிட்டு வரேம்மா" என்று எழுந்து போனாள். வெகுநேரம் கை கழுவினாள்.

அம்மா அதற்குப் பிறகு பெயரைக் கேட்கவில்லை. கொடியிலிருந்து எடுத்த போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு நுனியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் மறு நுனியைத் தேடினாள்.

"ஏம்மா தாடையால பிடிக்கிறே?"

"மடிக்க ரெண்டு பேர் வேணும். அங்க ஆள் பத்தலை. இப்படியே பழகிப்போச்சு."

மீதி மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

நடைபாதையில் நிற்பவளுக்கு வேறு வேலை இல்லை. வேலை இல்லாதவர் கண்ணில்தான் சில விஷயங்கள் படும்.

தலைவரின் மைக்குக்கு மின்சாரம் அவருடைய கார் பேட்டரியிலிருந்து வந்தது. மைக் வயர் கொஞ்சம் குட்டை. ஆகவே, உயரமான அந்தக் கார், ஜீப்ரா கோட்டை ஒட்டியே நின்றாக வேண்டியிருந்தது. தலைவர் காரே அங்கே நிற்கும்போது நமக்கென்ன என்று, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்களும் அதன் பின்னால் வளைவு வரைக்கும் வண்டிகளை நிறுத்தினார்கள்.

பெரிய வகுப்பு ஜோடிகள் காரைத் தாண்டி வந்தால், வருகிற வண்டிகள் தூரத்திலேயே மெதுவாகிவிடும். குட்டி ஜோடிகள் வந்தால் மட்டும் கடைசி நிமிடத்தில் பிரேக் கிறீச்சிடும். தலைவர் "பார்த்து வர மாட்டீங்களா?" என்று மைக்கில் ஓட்டுநரைத் திட்டுவார்.

இதை யாரிடமாவது சொல்லலாம் என்று மீதிக்குத் தோன்றும். சொல்வதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. அது ஒரு சின்னப் பெண். இரண்டாம் வகுப்பு. உருண்டையாக, சட்டையிலிருந்து தெறித்து விழுந்தது போல் இருப்பாள். எல்லோரும் பொத்தான் என்றுதான் கூப்பிட்டார்கள். அவளிடம் ஒரு குட்டி சைக்கிள் இருந்தது. அவள் அதைத் தள்ளிக்கொண்டு ஜோடிகளின் பக்கமே வராமல் வளைவு வரைக்கும் நடப்பாள். அங்கே இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து காணாமல் போவாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் முளைப்பாள்.

அவள் முளைக்கும் வரை மீதி மூச்சு விட மாட்டாள்.

அன்றைக்கும் பொத்தான் வளைவை நோக்கிப் போனாள். கார்களுக்கு நடுவே திரும்பினாள். அதே நேரம் வளைவுக்கு அந்தப் பக்கம் வேன் சத்தம் கேட்டது.

'அங்கேயே நில்' என்று சொல்லியிருந்தார் தலைவர். மீதி நிற்கவில்லை. நடைபாதையிலேயே நீளக் காலால் பாய்ந்து போய், சைக்கிளின் கேரியரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சைக்கிளும் பொத்தானும் சேர்ந்து அவள்மேல் சரிந்தார்கள். முன் சக்கரம் இருந்த இடத்தை வேன் உரசிக்கொண்டு போனது.

"யாரு என் வண்டியைப் பிடிச்சது?" என்று பொத்தான் கத்தினாள்.

"நான்தான்."

"ஏன் பிடிச்சீங்க?"

"வேன் வந்துச்சு."

பொத்தான் எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி வேன் நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். திட்டத்தான் வந்தார். சைக்கிளின் உயரத்தையும் பொத்தானின் உயரத்தையும் பார்த்ததும் அவருக்குத் திட்டு வரவில்லை.

"தெரியவே இல்லம்மா" என்றார். மீதியைப் பார்த்தார். "கார் மேல உன் தலை ஒண்ணுதான் தெரிஞ்சுது. யாரோ ஓடுறாங்களேன்னுதான் பிரேக்ல கால் வெச்சேன். இல்லைனா..."

வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அவர் போய்விட்டார்.

பொத்தான் நடைபாதையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "மணி இருக்கு. கூடை இருக்கு." பிறகு தன் மூக்கைத் தொட்டாள். "நானும் இருக்கேன்."

"இருக்கே" என்றாள் மீதி. "ஏன் இங்க வந்து கடக்கிறே? கோடு அங்க இருக்கே?"

"அங்க கை கோக்கணுமாம். கை கோத்தா சைக்கிள் விழுது. சைக்கிளைப் பிடிச்சா அந்த மைக் மாமா விசில் ஊதுறாரு. சைக்கிளுக்கு ரெண்டாம் கட்டத்துல ஏற்பாடுன்னு சொன்னாரு. ரெண்டாம் கட்டம் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது."

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி போய்க்கூடப் பார்த்தேன். அங்க இல்ல."

மீதிக்குச் சிரிப்பு வந்தது. ஒருவர் சிரித்ததால் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பில்லை. தானாக வந்தது.

"உங்க ஜோடி எங்க அக்கா?"

"எனக்கு ஜோடி கிடையாது. நான் மீதி."

"மீதின்னா?"

"வகுத்தப்புறம் கடைசியா நிக்கிறது."

பொத்தான் கொஞ்சம் யோசித்தாள். "எங்களுக்கு இன்னும் வகுத்தல் வரலைக்கா. கூட்டல்தான் நடத்தியிருக்காங்க."

மீதி சைக்கிளை நிமிர்த்தி வைத்தாள். கேரியர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தோன்றியது. கை கோர்க்கத்தான் முடியாது. கேரியரைப் பிடிக்கலாமே?

"வா. கோட்டுக்கே போகலாம். நீ முன்னாடி ஹேண்டிலைப் பிடி. நான் பின்னாடி கேரியரைப் பிடிச்சுக்கிறேன்."

"ஏறி ஓட்டட்டுமா?"

"இல்ல. ரோடு தாண்டுற வரைக்கும் இறங்கித் தள்ளு."

இருவரும் ஜீப்ரா கோட்டுக்கு வந்தார்கள். கார் மூக்கு முடிகிற இடத்தில் மீதி நின்றாள். அவள் தலை காருக்கு மேலே தெரிந்தது. கையை உயர்த்தினாள்.

"போலாமாக்கா?"

"இரு. அந்த ஸ்கூட்டர்காரர் நம்மளப் பார்த்தாரா?"

"தெரியலையே."

"அவர் கண்ணு நம்ம பக்கம் வரட்டும்."

ஸ்கூட்டர்காரர் பார்த்தார். நிறுத்தினார். தலையை ஆட்டினார். மறுபக்கம் வந்த காரும் நின்றது. மீதி இரு பக்கமும் இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கேரியரை லேசாகத் தள்ளினாள். பொத்தான் நடந்தாள்.

பாதி ரோடு தாண்டியபோது விசில் சத்தம் காதைக் கிழித்தது.

"நில்லுங்க! யாரது?" தலைவர் மைக்கோடு வந்தார். வயர் எட்டிய வரைக்கும் வந்தார். "இது ஜோடியா? ஒரே வகுப்பு இல்லை! ஒரே உயரம் இல்லை! கையும் கோக்கலை! திரும்பி வாங்க!"

ரோட்டின் நடுவே வாதாடக் கூடாது என்று மீதிக்குத் தெரியும். கடந்து முடித்தாள். அந்தப் பக்கம் சைக்கிளையும் பொத்தானையும் ஓரமாக நிறுத்தினாள். ஆனால் தலைவர் நாளைக்கும் வருவார். நாளைக்கும் விசில் ஊதுவார். மறுபடி அவள் வாசல் ஓரத்தில் நிற்க வேண்டும். பொத்தான் மறுபடி அந்த இரண்டு கார்களுக்கு நடுவே போவாள்.

விளையாட்டு வாத்தியார் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்திருந்தார். அவரிடம், "சார், எங்களைத் திரும்ப அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போறீங்களா? தலைவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

வாத்தியார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவர்களை அழைத்துப் போனார்.

"சார்" என்றாள் மீதி. குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கொஞ்சம் உக்காருங்களேன்."

"நாற்காலி எங்கே?"

"நாற்காலி வேணாம் சார். இவ உயரத்துக்குக் குனிஞ்சு உக்காருங்க. இந்த இடத்துல."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளின் நலனுக்காக எதையும் செய்வேன் என்று அன்று காலையில்தான் அவர் மைக்கில் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்.

'டர்ர்ர்.'

"வண்டி எதாவது வருதா சார்?"

"தெரியலை."

"ஏன் சார்?"

"கதவு மறைக்குது."

"எந்தக் கதவு சார்?"

தலைவர் கதவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெல்ல, "என் கார் கதவு" என்றார்.

மெல்லத்தான் சொன்னார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார். டயர் கடையில் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

மீதி சிரிக்கவில்லை. அவளுக்குத் தலைவரை மடக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. "என் தலை காருக்கு மேல தெரியும் சார். இவ தலை தெரியாது. குட்டியும் குட்டியும் ஜோடியாப் போனா ரெண்டு பேருமே தெரிய மாட்டாங்க" என்றாள். "நான் இவளோட போகட்டுமா? நிக்க... தனியா நிக்க எனக்குப் பிடிக்கலை சார்."

கடைசி வாக்கியம் அவள் சொல்ல நினைத்ததில்லை. அதுவும் மைக்கில் கேட்டுவிட்டது. வகுப்புப் பிள்ளைகள் சிலர் தங்கள் ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். வாயாடிப் பையன் காது சிவந்துபோய் நின்றான்.

தலைவர் எழுந்தார். "வண்டியை எடுத்தா மைக்குக்கு எங்கேர்ந்து கரன்ட் வரும்?" என்றார் வாத்தியாரிடம்.

"மைக் இல்லாமப் பேசிப் பாருங்க சார்" என்றார் வாத்தியார். "நாங்க கிட்ட வந்து கேட்டுக்குறோம்."

மறுநாள் பிரார்த்தனை நேரத்தில் தலைவர் ஒரு புதுத் திட்டத்தை அறிவித்தார். நெட்டையும் குட்டையும் சேர்ந்த ஜோடி. கோட்டின் பக்கத்தில் யாரும் வண்டி நிறுத்தக் கூடாது. சைக்கிள் இருந்தால் கேரியரைப் பிடிக்கலாம். இந்த யோசனை தனக்குக் குளிக்கும்போது உதித்தது என்றும் சொன்னார். கைதட்டல் பலமாக இருந்தது. மீதியும் தட்டினாள். யாருக்கு உதித்தால் என்ன?

ஆனால் ஜோடிகளைப் பிரித்தபோதுதான் அவளுக்குத் திக்கென்றது. பள்ளியிலேயே குட்டையான பொத்தானுக்கு, பள்ளியிலேயே உயரமான எட்டாம் வகுப்பு கால்பந்து கேப்டனை ஒதுக்கியிருந்தார் தலைவர். போட்டோவுக்கு அதுதான் எடுப்பாக இருக்குமாம். நாளைக் காலையிலிருந்தே அமல்.

மீதியின் பெயர் எங்கும் வரவில்லை. "உனக்கு ஒரு ஏற்பாடு பண்றேம்மா" என்றார் தலைவர், இந்தத் தடவை மைக் இல்லாமல்.

அன்று இரவு அம்மா, "உன் ஜோடிப் பொண்ணு சௌக்கியமா?" என்று கேட்டாள். மீதி, "அவளுக்கு வேற ஆள் போட்டுட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போய்விட்டாள். அம்மா விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் மீதி மெதுவாகத்தான் நடந்தாள். சீக்கிரம் போனால் நிற்கிற நேரம் கூடும்.

பள்ளிக்கு எதிர்ப்பக்கத்தை நெருங்கும்போது சத்தம் கேட்டது. ஜீப்ரா கோட்டின் ஓரத்தில் கால்பந்து கேப்டன் நின்றிருந்தான். அவன் இடுப்புக்குக் கீழே ஒரு சைக்கிள் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"வா பாப்பா, மணி அடிக்கப்போகுது" என்று கேப்டன் கெஞ்சினான்.

"வேணாண்ணா. நீங்க போங்க."

"தலைவர் என்னைத்தான் போட்டிருக்காரு."

"உங்களுக்கு அவர் போட்டாரு. எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

"எங்க இருக்கு?"

"அதோ வராங்க பாருங்க. எவ்ளோ தூரத்துலேர்ந்து தெரியறாங்க!"

கேப்டன் திரும்பிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். அவனுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். அந்த மணிச் சத்தம் அவன் காதைத் துளைத்திருந்தது.

மீதிக்கும் பொத்தானுக்கும் நடுவே இன்னும் ஒரு சந்துதான் பாக்கி. ஓடிப்போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மீதிக்குக் கால் துடித்தது. சந்துக்குள்ளிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதன் பின்னால் ஒரு வேன், பின்னால் இன்னொரு ஸ்கூட்டர்.

மீதி ஓரத்திலேயே நின்றாள். நிற்பது அவளுக்குப் புதிதில்லை. எதிரே ஒருத்தி தனக்காகக் காத்திருக்கும்போது நிற்பதுதான் புதிது.